ஈரத்துணி

வேம்புலி சாக்கடைக்குள் இறங்கி நாற்பத்தொரு மணி நேரம் கழித்து அவர் உடல் வெளியே வந்தது.

எடுத்தது எஸ்தர் அக்கா. அவர் அப்போது அந்தத் தெருவில் இல்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளி, பம்பிங் ஸ்டேஷனின் முதல் மாடியில், ஏசி அறையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கையுறை இருந்தது. அவர் விரலை மடக்கினால், தெருவில் மேன்ஹோலுக்குள் இறங்கியிருந்த இயந்திரக் கை விரலை மடக்கும்.

"மறுபடியும் துணி," என்றார். "மூட்டையா கீது. இன்னா கனம்பா."

இயந்திரக் கை தூக்கியது. கறுப்புத் தண்ணீரிலிருந்து கேமரா மேலே வந்தது. அதன் கண்ணாடியைக் கழுவும் சின்னக் குழாய் இரண்டு முறை பீச்சியது. திரையில் முதலில் தெரிந்தது ஒரு பாதம்.

தெருவில் நின்றவர்கள் கத்தியது ஒலிபெருக்கியில் கேட்டது. அறையில் யாரும் கத்தவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த முபாரக் அண்ணன் எழுந்து நின்றார். பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாதவர்போல உட்கார்ந்துவிட்டார்.

எஸ்தர் அக்காவின் கை நடுங்கவில்லை. நடுங்கினால் விழுந்துவிடும். தார்ச்சாலையில் யாரோ அவசரமாக விரித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் உடலைக் கிடத்தும்வரை அவர் மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை. கிடத்தியபின் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணால காலைப் பாக்கறேன்," என்றார். "கையில துணி மாதிரிதான் இருந்துச்சு. கடைசிவரைக்கும்."

அந்தத் துணியைச் செய்தவள் நான்.

*

நான் இயற்பியல் படித்தவள். இந்த நிறுவனத்தில் என் வேலை தொடுதல். பாதாளச் சாக்கடைக்குள் இயந்திரக் கை எதைத் தொடுகிறதோ அதை மேலே இருப்பவரின் விரலுக்குச் சொல்ல வேண்டும். சாக்கடைத் தண்ணீரில் கேமரா குருடு. விளக்குப் போட்டால் புகைபோல வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் அங்கே விரல்தான் கண்.

இயந்திர விரல்களில் இருநூறு உணரிகள் இருக்கின்றன. அழுத்தம், சூடு, சொரசொரப்பு எல்லாவற்றையும் அவை அளக்கும். முதலில் நான் செய்த கையுறை எல்லாவற்றையும் அப்படியே மேலே கொண்டுவந்தது. எனக்கு அதில் பெருமை இருந்தது.

இயக்குபவர்கள் நான்கு பேர். எல்லாரும் முன்பு சாக்கடையில் இறங்கியவர்களின் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எஸ்தர் அக்காவின் கணவர் ஜெபராஜ் ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மேன்ஹோலில் இறந்தார். முதல் நாளே என்னிடம் சொன்னார், பஸ் நம்பர் சொல்வதுபோல.

"மாப்ள இறங்கினா மனுசன் இறங்க வேணாம்ல? அதுக்குத்தான் இந்த நாற்காலில உக்காந்தேன்."

இயந்திரக் கைக்கு அவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஏன் என்று கேட்டேன். "குளிப்பாட்டணும், எண்ணெய் போடணும். செய்யறது கொஞ்சம் வேலை, அதுக்கு ஆயிரம் கோவம்," என்றார் முபாரக் அண்ணன்.

முதல் மாதம் ஒன்றைக் கவனித்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் நான்கு பேரும் வரிசையாக வாஷ்பேசினுக்குப் போவார்கள். சிவப்பு சோப்பை முழங்கைவரை தேய்த்துக் கழுவுவார்கள். மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவுவார்கள். அவர்கள் கை எதையும் தொடவில்லை. அது அவர்களுக்கும் தெரியும். வாரத்துக்கு நான்கு சோப்பு தீர்ந்தது.

பிறகு நாய்க்குட்டி வந்தது.

எஸ்தர் அக்கா அடைப்பு எடுக்கும்போது அது கையில் சிக்கியது. செத்து அதிக நேரம் ஆகியிருக்காது. சூடு இருந்திருக்கிறது. அவர் கையுறையோடு எழுந்து ஓடினார், மேசை கவிழ்ந்தது. மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"மொழி, நீதானே இந்த கிளவுஸைப் பண்ணது?"

"ஆமாம் அக்கா."

"சோறு பிசைய முடியல. ஸ்பூன்ல துன்றேன். எம் பொண்ணு கேக்கறா, இன்னாம்மா தொரை வூட்டுப் பொம்பளை ஆயிட்டியான்னு."

நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"எனக்கு எல்லாம் தெரிய வேணாம்," என்றார். "அடைப்பு எடுக்க இன்னா வேணுமோ அது தெரிஞ்சாப் போதும். அதுக்கு மேல இருக்கறத நீயே வச்சுக்கோ."

அதைத்தான் செய்தேன். இரண்டு மாதம் வேலை பார்த்து ஒரு வடிகட்டி எழுதினேன். இயந்திரம் எதைத் தொட்டாலும் கையுறை நான்கே உணர்ச்சிகளில் ஒன்றைத்தான் தரும். சேறு, கல், வேர், ஈரத்துணி. சூட்டை முழுதாக வெட்டிவிட்டேன். மென்மையாக எது வந்தாலும் ஈரத்துணி. சாக்கடையில் வரும் மென்மையான பொருள்களில் பத்துக்கு ஒன்பது உண்மையிலேயே துணிதான். மீதி ஒன்று தெரியாமலிருப்பதுதான் நோக்கம். துடிப்புகளையும் மழுப்பினேன். நீரோட்டத்தில் துணி படபடப்பது தலைவலி தருகிறது என்று முபாரக் அண்ணன் சொல்லியிருந்தார். அது ஒரு மெல்லிய அலையாக மட்டும் வரும்.

போட்டுப் பார்த்த அன்று எஸ்தர் அக்கா கேட்டார்.

"எனக்கு ஏதாவது சந்தேகம் வந்தா?"

"என்னைக் கேளுங்க அக்கா. என் திரையில உண்மையான அளவு ஓடும். நான் பின்னாலதானே இருக்கேன்."

"நீ வாயத் தொறந்து பதில் சொல்றதுக்குள்ள ஷிஃப்டே முடிஞ்சுடுமே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் வாஷ்பேசினில் சோப்பு அப்படியே கிடந்தது. காய்ந்து நடுவில் வெடித்திருந்தது. அதைப் போனில் படம் எடுத்து நிறுவனக் கூட்டத்தில் காட்டினேன். நான் கூட்டத்தில் பேச மாட்டேன். அன்று பேச வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் கை தட்டினார்கள்.

*

செவ்வாய்க்கிழமை நடந்தது இது.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சாக்கடை அடைத்துக்கொண்டது. இயந்திரத்துக்குச் சொல்லியனுப்பினால் முறை வர இரண்டு நாள் ஆகும். அங்கே யாரோ வேம்புலியைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆள் இறங்குவது குற்றம். அதனால் வளாகத்துக்குள் இருக்கும் மேன்ஹோலில், கேட்டைச் சாத்திக்கொண்டு இறக்கினார்கள். மணி ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது. கயிறு இல்லை. மேலே நின்ற ஆள், உள்ளேயிருந்து பதில் வராமல் போனதும் பயந்து ஓடிவிட்டான். வியாழக்கிழமை காலைவரை அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அதே லைனில், வெளியே தெருமுனையிலிருந்து, அன்று மாப்பிள்ளை இறங்கியிருந்தது. அது வழக்கமான சுத்தம். ஐந்து மணி ஏழு நிமிடம். உள்ளே ஓர் ஆள் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் அப்போது மெதுவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எஸ்தர் அக்கா மட்டும் கையுறையோடு இருந்தார்.

"ஒரு துணி மாட்டிக்கிச்சுபா," என்றார். "ஆடித் தள்ளுபடில புடவையைப் புடிச்ச மாதிரி புடிச்சுக்குனு வுட மாட்டேங்குது."

"விலை பேசிப் பாரு அக்கா," என்றார் முபாரக் அண்ணன். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எஸ்தர் அக்கா இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறகு கையை உதறினார். இரண்டாம் முறை உதறியதும் அது விட்டது. மாப்பிள்ளை மேலே வந்தது. லைன் சரி என்று பதிவில் எழுதினோம்.

*

வியாழக்கிழமை உடலை எடுத்துப்போன பிறகு சபரிநாதன் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர்தான் நிலையத்தின் பொறுப்பாளர். அதட்டிப் பேசத் தெரியாதவர். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து தந்தார்.

"நாளைக்கு மூணு மணிக்கு விசாரணைக்கு வராங்க. ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா. செவ்வாய்க்கிழமை இயந்திரம் மனித உடலைத் தொட்டதா பதிவு இல்லை. அவ்வளவுதான்."

"பதிவுல துணின்னு இருக்கு சார்."

"அதான். துணி."

நான் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் என்ன சொல்றார்னா, இறங்கின உடனே விஷவாயு அடிச்சிருக்கும். நம்ம இயந்திரம் போனப்ப அவர் உயிரோட இல்லை. அப்புறம் யார் என்ன பண்ணியிருக்க முடியும்? இதை வேற மாதிரி எழுதினா எஸ்தர் தலையிலதான் விடியும். கவனக்குறைவுன்னு எழுதி, வேலை அட்டையைப் பிடுங்கி, வழக்கும் போடுவாங்க. அது வேணுமா?"

"வேண்டாம் சார்."

"இன்னொண்ணு. அடுத்த மாசம் இன்னும் மூணு ஊருக்கு மாப்பிள்ளை போறார். இங்க இது நின்னுபோச்சுன்னு வை, அங்கெல்லாம் நாளைக்கே கயிறு கட்டி ஆளை இறக்குவாங்க. நீயே யோசிச்சுப் பார்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மூலப்பதிவு இருக்கு சார்," என்றேன். "வடிகட்டறதுக்கு முந்தி உள்ளது. மாப்பிள்ளையோட மணிக்கட்டுக்குள்ள."

"எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"எழுபத்திரண்டு மணி நேரம். அதுக்கப்புறம் புதுசு அதுமேலயே எழுதிக்கும்."

"அப்படின்னா?"

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு ஏழுக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "சரி," என்றார். அழித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. விசாரணையை எப்படியாவது இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டால் யாரும் எதையும் அழிக்க வேண்டியிருக்காது.

*

மாப்பிள்ளையைக் கழுவி முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். மதியம். மற்றவர்கள் வாக்குமூலம் கொடுக்கக் காவல் நிலையம் போயிருந்தார்கள். மணிக்கட்டு மூடியைத் திறந்து மூலப்பதிவைப் பிரதி எடுத்தேன். மேலே வந்து என் திரையில் திறந்தேன்.

வரைபடங்களைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். வெப்பம் முப்பத்தாறு. ஆனால் எண்ணைப் பார்த்து எனக்கு எதுவும் ஆகவில்லை. அதனால் எஸ்தர் அக்காவின் கையுறையை எடுத்தேன். உள்ளே அவர் போடும் டால்கம் பவுடர் வாசனை இருந்தது. மாட்டிக்கொண்டேன். வடிகட்டியை நிறுத்தினேன். ஐந்து மணி ஏழாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டேன்.

முதலில் குளிர். சேறு விரல்களுக்கு நடுவே வழிந்தது. ஒரு செங்கல் முனை. மறுபடி சேறு.

பிறகு சூடு.

ஒரு கை என் கையைப் பிடித்தது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அறையில் யாரும் இல்லை. அந்தக் கை என் விரல்களைத் தடவிப் பார்த்தது. ஒவ்வொன்றாக. இது என்ன என்று அதற்கும் தெரிய வேண்டியிருந்திருக்கும். ஐந்து விரல் இருப்பது தெரிந்ததும் விரல்களுக்கு இடையே விரல்களை நுழைத்து இறுக்கியது. ஒரு விரலில் மோதிரம். அதன் விளிம்பு என் விரலில் குத்தியது.

அமுக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தியது. ஒன்று, இரண்டு, மூன்று.

நான் திருப்பி அமுக்கினேன். இது இரண்டு நாள் பழைய பதிவு என்பதை என் கை மறந்துவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று.

பிறகு ஓர் உதறல். அந்தக் கை விடவில்லை. இன்னும் இறுக்கியது. இரண்டாவது உதறல். விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கிப் போயின. மோதிரம் இருந்த விரல் கடைசியாகப் போனது.

பிறகு குளிர். சேறு.

மொத்தம் ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

கையுறையைக் கழற்றினேன். விரலில் மோதிரம் குத்திய இடம் சிவந்திருக்கும் என்று பார்த்தேன். சிவக்கவில்லை. வாஷ்பேசினுக்குப் போனேன். வெடித்த சோப்பு இல்லை. யாரோ புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள், அதுவும் பாதி கரைந்திருந்தது. எடுத்தேன். கழுவாமல் வைத்துவிட்டேன்.

*

சாயங்காலம் எஸ்தர் அக்கா நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் சோப்பு வாசனை அடித்தது.

"இன்னா மொழி, சாப்டியா?"

தலையாட்டினேன்.

"பொய் சொல்லாத. மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. அண்ணே, இவளுக்கு ஒரு டீ. சக்கரை தூக்கலா."

டீ வந்தது. சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அக்கா, உள்ள இறங்கறவங்க மூணு தடவை அமுக்கினா என்ன அர்த்தம்?"

எஸ்தர் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இடுப்புல கயிறு இருக்கும்," என்றார். "ஒரு தடவை இழுத்தா நல்லா கீறேன்னு. ரெண்டு தடவைன்னா கயிறை விடு. மூணுன்னா..."

"மூணுன்னா?"

"தூக்கு."

ஒரு லாரி போனது. அவர் அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"கயிறு இல்லாதப்ப, பக்கத்துல ஆள் இருந்தா கையப் புடிச்சு மூணு அமுக்கு. அதே கணக்குதான்." என் பக்கம் திரும்பினார். "சூடா இருந்துச்சா?"

"ஆமாம் அக்கா."

"மோதிரம்?"

"இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். காலையில் உடலைக் கிடத்தும்போது கேமராவில் அந்த மோதிரத்தை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"ஜெபராஜுக்குக் கயிறு இருந்துச்சு," என்றார். "மேல நின்னவன் போன்ல பேசிக்குனு இருந்தான். கயிறு இழுத்ததே தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டான். ஒன்பது வருசமா அவனைத் தேடிக்குனு கீறேன். இன்னாத்துக்குத் தெரியுமா? அடிக்க இல்ல. இழுத்தாரு, நான் பாக்கலன்னு ஒரு தடவை அவன் வாயால சொல்லணும். அது போதும்."

நான் அழ ஆரம்பித்திருந்தேன். அவர் என் முதுகில் தட்டினார். தட்டியது இடது கை. வலது கையை மடியில் துணியால் சுற்றி வைத்திருந்தார்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. நான் கேட்டுத்தான் செஞ்ச. நாளைக்கு விசாரணைக்கு வர்ற ஆபீசரம்மா கேட்டா நான் பேசிக்கறேன். நீ வாயைத் தொறக்காத." சிரிக்க முயன்றார். "அது ஒண்ணும் உனக்குக் கஷ்டம் இல்லையே."

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வர வேண்டிய அதிகாரி மூன்றரைக்கு வந்தார். பெயர் திலகவதி. ஐம்பது வயது இருக்கும். சபரிநாதன் சார் நிலையத்தைச் சுற்றிக் காட்டினார். பம்பைக் காட்டினார். மாப்பிள்ளையைக் காட்டினார். டீ வந்தது. நாங்கள் உட்கார்ந்தபோது மணி நாலரை.

கதவோரம் வேம்புலியின் மனைவி குமுதா உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு ஜோடி ஆண் செருப்பு. மேன்ஹோல் பக்கத்தில் கழற்றி வைத்திருந்ததாம், எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "இறங்கின உடனேயா?"

"உடனேதாம்மா," என்றார் சபரிநாதன் சார். "வலி தெரிஞ்சிருக்காது."

குமுதா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையசைத்தார். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். இருபது வருடம் அதோடு இருந்துவிடலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை.

எழுந்து கையுறையை மேசையில் வைத்தேன்.

"மொழி," என்றார் சபரிநாதன் சார் மெதுவாக.

"மேடம், இதுக்குள்ள கையை விடுங்க," என்றேன். "இது செவ்வாய்க்கிழமை மூலப்பதிவு. இயந்திரத்துல இருக்கறது இன்னும் அரை மணி நேரத்துல அழிஞ்சிடும். இது பிரதி."

அதிகாரி வளையலைக் கழற்றிவிட்டுக் கையுறையை மாட்டினார். ஓடவிட்டேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் ஐம்பது நொடி முடிந்தது.

"உயிரோட இருந்திருக்கார்," என்றார். "பன்னிரண்டு நிமிஷம் கழிச்சும் இருந்திருக்கார்."

கதவோரம் இருந்து குமுதா எழுந்து வந்தார். செருப்புப் பையை நாற்காலியில் வைத்தார்.

"நான் போட்டுக்கலாமா?"

யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மாட்டிவிட்டேன். அவர் விரல்கள் சின்னவை, கையுறை பெரிதாக இருந்தது. வார்களை இறுக்கினேன். ஓடவிட்டேன்.

அவர் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பதிவு எங்கே இருக்கிறது என்று எனக்கு அவர் விரல்களைப் பார்த்தே தெரிந்தது. திருப்பி அமுக்கிக்கொண்டிருந்தார். மூன்று. மூன்று. மூன்று. முதல் உதறலில் இன்னொரு கையையும் கொண்டுவந்து கையுறையைப் பிடித்துக்கொண்டார்.

பதிவு முடிந்தது.

"அவருதான்," என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார். "இவ்ளோ அமுக்கியிருக்காரு. ஒருத்தருக்குமா தெரியல?"

"யாருக்கும் தெரிய வழியில்லைம்மா," என்றார் சபரிநாதன் சார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இந்தக் கையுறை இப்படி எதுவும் காட்டாது. வடிவமைப்பே அப்படி. அது எங்க குறைதான், ஒத்துக்கறோம், மாத்திடறோம். ஆனா அன்னிக்கு யாருக்கும் தெரிய வழியில்லை."

அதிகாரி எஸ்தர் அக்காவிடம் கேட்டார். "உங்களுக்கு எப்படி இருந்தது?"

"துணிதாம்மா," என்றார் எஸ்தர் அக்கா. எழுந்து நின்று சொன்னார். "வேற எதுவும் தெரியல. நான்தான் உதறினேன். தப்பு என்னோடது."

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"இல்லம்மா."

அதிகாரி பேனாவைத் திறந்தார். எஸ்தர் அக்கா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் தலையை இலேசாக அசைத்தார்.

குமுதா கையுறையை இன்னும் கழற்றவில்லை.

நான் பேசினேன். யாருக்கும் கேட்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். மறுபடி சொன்னேன், இந்த முறை குமுதாவைப் பார்த்து.

"அவங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. அஞ்சு மணி எட்டாவது நிமிஷம் எஸ்தர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, 'மொழி, மூணு மூணா இழுக்குது, இது துணிதானா பாரு'ன்னு கேட்டாங்க. உண்மையான அளவு என் முன்னாடி திரையில ஓடிக்கிட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வடையைத் தின்னுக்கிட்டே, 'துணிதான் அக்கா, உதறுங்க'ன்னு சொன்னேன்."